சாதாரணக் குருணைக்கல்

செப்டம்பர் 16, செவ்வாய்

நீண்ட யோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நிலவியல் துறை அருங்காட்சியகத்தின் மூன்றாம் அலமாரிச் சாவி இனிச் சுவர் ஆணியில் தொங்காது. என் சட்டைப் பையில் இருக்கும். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அது அந்த ஆணியில்தான் தொங்கியது. எனக்கு முன்பு துறைத் தலைவராக இருந்தவர் காலத்திலும் அப்படித்தான். ஆட்சிகள் மாறின, பாடத்திட்டம் மாறியது, ஆணி மாறவில்லை. ஆகவே இதை நான் இலேசாகச் செய்யவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வக உதவியாளர் லூர்துவைக் கூப்பிட்டு முறைப்படி அறிவித்தேன்.

“அப்ப ஆணிய என்ன சார் செய்ய?” என்றார்.

“இருக்கட்டும்.”

“காலண்டர் மாட்டிக்கலாமா?”

அனுமதித்தேன்.

அதே அலமாரியின் நடுத்தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது பார்வைக்கு நன்றாக இல்லை. அங்கே ஒரு ஜிப்சத்தைக் கொண்டுவந்து வைத்தேன். நல்ல ஜிப்சம். கீழே இருந்த ‘வான்கல், செங்கமடைக் கண்மாய், 1931’ என்ற பழைய பெயர்ச்சீட்டு ஜிப்சத்துக்குப் பொருந்தாது என்பதால் அதை எடுத்துவிட்டேன்.

சென்ற வாரம் அருங்காட்சியகத்துக்கு ஒரு பார்வையாளர் வந்ததையும் பதிவு செய்கிறேன். கல்லூரியின் தாளாளர் தங்கரத்தினம். ஊர் முழுக்க அவர் அண்ணாச்சி. கல்லூரியைக் கட்டியவரே அவர்தான் என்றாலும் அந்த அறைக்குள் அவரை நான் பார்த்ததில்லை. மூன்றாம் அலமாரி முன்பு நெடுநேரம் நின்றார். பல கேள்விகள் கேட்டார். அவருடைய பட்டாசு ஆலையில் நான்காம் எண் அறை வெடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. துக்கத்தில் மனிதர்கள் அறிவை நாடுகிறார்கள்.

வெடித்தது எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை. வகுப்பு நடக்கும்போதே கல்லூரி மணி அடித்தது. இந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். முதல்வர் மணியடிக்கச் சொல்வார். கல்லூரிப் பேருந்துகள் நான்கும் ஆட்களை ஏற்றிவர ஆலைக்குப் போகும். மாணவர்கள் தங்கள் வீட்டில் யார் எந்த அறையில் வேலை பார்க்கிறார்கள் என்று யோசித்தபடி நடந்தே ஊருக்குப் போவார்கள். குருவம்மாள் என்ற பெண் இறந்துபோனார். உள்ளே இருந்த மற்ற நான்கு பேருக்குத் தீக்காயம். அவர்களில் ஒருவரான போர்மேன் சீனிராஜ் கையில் கட்டோடு சப்ஜெயிலில் இருக்கிறார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு.

செப்டம்பர் 18, வியாழன்

பத்திரிகையில் பெரிய எழுத்தில்: ‘பட்டாசு ஆலை மீது விண்கல் விழுந்ததா? விபத்தில் திடீர்த் திருப்பம்.’ ஆலைக் காவலாளி இடிபாட்டைக் கிளறும்போது தேங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தாராம். நெருப்புக் கோளமாக வந்து விழுந்தது என்று எழுதியிருக்கிறார்கள். வந்ததைப் பார்த்தவர் பெயர் இல்லை.

மதியம் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி. சுற்றுவட்டாரத்தில் கல்லைப் பற்றிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நிபுணர் அறிக்கை வேண்டுமாம். எல்லாம் அதைப் பொறுத்தது என்று குமாஸ்தா விளக்கினார். கல் வானத்திலிருந்து வந்திருந்தால் குற்றவாளி யாரும் இல்லை. வராவிட்டால் சீனிராஜ்.

செப்டம்பர் 19, வெள்ளி

காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் மரகதவல்லி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கல் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. அதே டின்னில் கண்ணாடி வளையல் துண்டுகளும் ஒரு டிபன் பாக்ஸ் மூடியும் கிடந்தன. அவற்றை வேறு இடத்தில் வைக்கச் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

கல்லைக் கையில் வாங்கினேன். தெரிந்த எடை. அதாவது, இவ்வகைக் கற்களுக்கு எதிர்பார்க்கக்கூடிய எடை.

“ஒரு பக்கம் மட்டும் கேக்கு வெட்டுன மாதிரி தட்டையா இருக்கே சார்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“விண்வெளியில கல்லும் கல்லும் மோதுறது உண்டும்மா.”

“மோதினா ரம்பம் போட்ட கோடு விழுமா?”

“கோடு பல காரணத்தால விழும்.”

“எங்க ஸ்டேஷனுக்கு வர்ற எல்லாத்துக்கும் பல காரணம் இருக்கு சார். இந்தக் குழிக்குள்ள செவப்பா இருக்கே, அது?”

“உள்ள இரும்பு இருக்கு. துருப்பிடிச்சா செவக்கும்.”

எழுதிக்கொண்டார். பிறகு பின்கட்டுக்கு அழைத்துப் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த தகரத்தைக் காட்டினார். நான்காம் அறையின் கூரை. வெடித்த வேகத்தில் பறந்து வேலிக்கருவைக் காட்டுக்குள் போய் விழுந்ததாம். நடுவில் ஓட்டை.

“விளிம்பு எந்தப் பக்கம் மடங்கியிருக்கு பாருங்க சார்.”

“கூரையா இருந்தப்ப எது மேல்பக்கம்னு தெரியாம அதைச் சொல்றது விஞ்ஞானம் ஆகாது.”

“பெயிண்ட் அடிச்சது வெளிப்பக்கம் சார். ஓட்டை உள்ளருந்து வெளிய போயிருக்கு.”

இவ்வளவு கவனமான அதிகாரியை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. சோதனைக்காக என்று கல்லிலிருந்து ஒரு சிறு துணுக்கைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டேன். பேனா எழுதவில்லை. இரண்டாவது பேனாவும் எழுதவில்லை. மூன்றாவது பேனா அவருடையது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. கொசுவலை துவைத்தேன். வேறு விசேஷம் இல்லை. அண்ணாச்சி நாளை வரச் சொன்னார்.

செப்டம்பர் 22, திங்கள்

“வாங்க புரொபசரே. காபியா, மோரா?”

மோர் கேட்டேன். அவரும் மோர்.

“பார்த்தீராமே. என்ன கல்லு அது?”

“சாதாரணக் குருணைக்கல் அண்ணாச்சி.” ஆங்கிலத்தில் காண்டிரைட் என்பதை நான் வகுப்பில் குருணைக்கல் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். உடைத்தால் உள்ளே குருணை குருணையாக இருக்கும். தேர்வில் சில மாணவர்கள் இதை அரிசி வகையில் சேர்ப்பதுண்டு.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது. “சாதாரணமா? என் ஆலை மேல விழுந்தது சாதாரணமா?”

“வகையோட பேரு அது. வானத்துலருந்து விழுறதுல முக்காவாசிக்கு மேல இந்த வகைதான்.”

“அபூர்வமானதுன்னு போடுமே.”

“அது பொய்யாயிரும்.”

இப்படி ஓர் உறுதியை அவர் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்யா, நான் உம்மளப் பொய் எழுதச் சொல்வனா? என்ன கல்லு, எங்கருந்து வந்துச்சு, அத மட்டும் எழுதும். அதுக்கு மேல ஒமக்கு என்ன தெரியும்? சீனிராஜ் நம்ம பய. கை வெந்து கெடக்கான். அவன் வீட்டுக்கு வர வேண்டாமா?”

வர வேண்டும் என்றேன். அதில் கருத்து வேறுபாடு இல்லை. மார்ச்சில் முதல்வர் ஓய்வு பெறுவதாகவும், அந்த நாற்காலியில் ஒரு விஞ்ஞானி உட்கார்ந்தால் கல்லூரிக்கு அழகு என்றும் சொன்னார். தொடர்பில்லாத விஷயம். நாகரிகம் கருதிக் கேட்டுக்கொண்டேன்.

“அந்த இன்ஸ்பெக்டர் அம்மா எப்படி?”

“ரொம்பக் கூர்மையானவங்க அண்ணாச்சி. ஒண்ணு விடாமக் கவனிக்கிறாங்க.”

“அப்படியா” என்று மீதி மோரைக் குடித்தார்.

செப்டம்பர் 24, புதன்

மாலை வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். “சார், நான் வடிவு. போர்மேன் சீனிராஜ் வீட்டுக்காரி.”

என் மனைவி செண்பகம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தாள். வடிவு டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

“சார், அது கல்லுதானே?”

“கல்தான்மா. உண்மையான கல்.”

“எங்காளு சனிக்கெழமயே சொன்னாரு சார், மிச்ச மருந்தக் கொட்டிரணும்னு.” மருந்து என்று இங்கே சொல்வது வெடிக் கலவையை. “அலுமினியப் பொடி சேத்த மருந்து ராத்தங்கக் கூடாதாம். ஈரம் பட்டா தன்னாலச் சூடேறுமாம். தீபாவளி ஆர்டரு நிக்குது, மூடி வைடான்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம ராத்திரி நல்ல மழை. திங்கக்கெழம காலைல மருந்துத் தட்டத் தொறந்தாக.”

“இதப் போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னா? நான் சொல்லவே இல்லம்பாரு அண்ணாச்சி. மூடி வச்ச கை எங்காளு கை. அண்ணாச்சி உள்ள போனாலும் மறுநாளே வந்துருவாரு. எங்காளு வருவாரா? நீங்க கல்லுன்னு ஒரு வார்த்த எழுதிட்டா எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாக.”

“குருவம்மா வர மாட்டா” என்றாள் செண்பகம், அடுக்களையிலிருந்து.

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். “அவளும் நானும் ஒரே பெஞ்சுல படிச்சோம்க்கா.”

காபி ஆறிப்போனதால் செண்பகம் அதை வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தாள். வாழைப்பழம் நாட்டுப்பழம். நன்கு கனிந்திருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

துணுக்கைத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சில்லாக்கி, கண்ணாடியில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்தேன்.

இதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் உற்சாகம் வரும். கேழ்வரகு அளவில் உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உருகிய துளி. பூமி உருவாவதற்கு முன்பு, சூரியனைச் சுற்றிய தூசுமேகத்தில் ஏதோ ஒன்று தூசியை உருக்கியது. எது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். துளிகள் ஒரு நாளுக்குள் குளிர்ந்து உருண்டைகளாகி, இரும்புத் தூளோடும் மற்ற தூசியோடும் ஒட்டிச் சேர்ந்து ஒரு சிறுகோளாயின. சிறுகோள் உள்ளுக்குள் சூடேறி அவற்றைப் பாதி வேக வைத்தது. எல்லாம் நடந்து நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பூமி தன் முதல் பாறைகளை உருக்கித் தின்றுவிட்டது; அந்தக் காலத்தை அறிய இந்தச் சாதாரணக் கற்கள்தான் மிச்சம். அவற்றில் இரும்பின் அளவைக் கொண்டு மூன்று பிரிவு. அதிகம், குறைவு, மிகக் குறைவு. இது இரண்டாவது. இப்பிரிவின் தாய்க்கோள் சுமார் நாற்பத்தேழு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய மோதலில் நொறுங்கியது. அந்த அடியின் தழும்பு பல துண்டுகளில் கறுப்பு நரம்பாக ஓடும். இதிலும் ஓடுகிறது.

ஒப்பிடுவதற்காகத் துறையின் பழைய சில்லுப் பெட்டியிலிருந்து செங்கமடைக் கல்லின் சில்லை எடுத்தேன். முன்னாள் துறைத் தலைவர் அதை ரம்பத்தால் அறுத்துச் செய்தது. ஒரு சில்லின் ஓரத்தில் முடியும் கறுப்பு நரம்பு, மற்றதன் ஓரத்தில் அதே அகலத்தில், அதே வளைவோடு தொடர்கிறது. தற்செயல்கள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. புதிதாக விழுந்த கல்லின் உட்புறம் காய்ந்த சிமெண்ட் போல் வெளுப்பாக இருக்கும். இதில் இரும்புத் துணுக்கு ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்புத் துரு ஊறியிருக்கிறது. அப்படி ஊறப் பல மழைக்காலம் வேண்டும். இது விழுந்து ஒரு மாதம் ஆகவில்லை. பிஸ்கட் டின்னில் ஈரம் இருந்திருக்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

பழைய சில்லை வீட்டுக்கு எடுத்துவந்தேன். தூசு படாமல் இருக்கும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. அருங்காட்சியகத்தைக் கழுவினோம். லூர்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் நுண்ணோக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அலமாரிக்கு வைத்தார். ஜிப்சத்துக்கும் வைத்தார்.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் மரகதவல்லி வந்தார். சீருடையில் இல்லை. நேராக மூன்றாம் அலமாரிக்குப் போனார்.

“நான் பத்தாவது படிக்கறப்ப ஸ்கூல்லருந்து இங்க கூட்டியாந்தாங்க சார். வானத்துலருந்து வந்த கல்லுன்னு வரிசைல நின்னு தொட்டுப் பாத்தோம். ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு சில்லுன்னு இருக்கும். நான் கன்னத்துல வச்சுப் பாத்தேன், வாத்தியார் திட்டுனாரு. அந்தக் கல்லு எங்க?”

“ஆய்வுக்காக வெளிய போயிருக்கு.”

“யார்கிட்ட?”

“ஓர் அரசுத் துறைகிட்ட.”

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் ஜிப்சத்தைப் பார்த்தார். “இதுக்குப் பொட்டு வச்சது யாரு?”

“நாந்தான் மேடம்” என்றார் லூர்து பெருமையாக.

“அந்தக் கல்லு இருந்தப்ப அதுக்கும் வைப்பீங்களா?”

“அதுக்கு வைக்காமலா! வருசா வருசம் மொதப் பொட்டு அதுக்குத்தான். ஒரு குழி இருக்கும் மேடம், அளவெடுத்த மாதிரி. அதுல வச்சா அடுத்த பூஜை வரைக்கும் போகாது. துணி போட்டுத் துடைச்சாலும் போகாது.”

ஊதுபத்தி சரியாக எரியவில்லை. அதைத் திருப்பி வைத்தேன்.

இன்ஸ்பெக்டர் என்னை வாசல்வரை தனியாக அழைத்துப் போனார். “துருன்னு சொன்னீங்களே சார்.”

“துருவும் இருக்கு.”

“நான் எழுதினா அது போலீஸ்காரி சந்தேகம். நீங்க எழுதினாத்தான் சாட்சி. ஒரே ஒரு வரி போதும்.”

“சீனிராஜ் கதி?”

“சீனிராஜ்கிட்ட மூடி வைன்னு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். வடிவு வாயத் தொறந்தா அவரையும் சேத்துப் புடிக்கலாம், சீனிராஜுக்குப் பாரம் கொறையும். ஆனா அவ வாயத் தொறக்கணும்னா மொதல்ல அந்தக் கல்லு நடுவுலருந்து போகணும். கல்லு இருக்கற வரைக்கும் அவளுக்கு அதுதான் சாமி.”

யோசிப்பதாகச் சொன்னேன். போகும்போது லூர்து அவருக்குப் பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

அறிக்கையை இரண்டு விதமாக எழுதினேன். இரண்டிலும் பொய் இல்லை. ஒன்றில் ஒரு வரி அதிகம்.

அக்டோபர் 4, சனி

தாளாளருக்குப் பூஜைப் பொரி கொண்டுபோய்க் கொடுத்தேன். பேச்சோடு பேச்சாக, இன்ஸ்பெக்டர் அருங்காட்சியகத்துக்கு வந்ததைச் சொன்னேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லையே.

வரும் வழியில் குருவம்மாள் வீடு. வாசலில் பந்தல் பிரித்த குழிகள் அப்படியே இருந்தன. யாராவது மூடலாம், இருட்டில் கால் தவறும்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் மரகதவல்லி ராமநாதபுரம் பக்கம் மாற்றப்பட்டுவிட்டார். கடற்கரைக் காற்று உடலுக்கு நல்லது. புதிய இன்ஸ்பெக்டர் சுத்தமானவர். மேசை, அலமாரி, சாட்சிப் பொருட்கள் எல்லாவற்றையும் கழுவச் சொல்லியிருக்கிறார். கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். குழி இப்போது சுத்தமாக இருக்கிறது.

செண்பகம் கேட்டாள்: “எந்த அறிக்கையக் குடுக்கப் போறீங்க?”

“உண்மையான அறிக்கையை.”

“ரெண்டும் உண்மைன்னு அன்னைக்கிச் சொன்னீங்க.”

நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. தூக்கத்தில் பேசியிருக்கலாம்.

அக்டோபர் 9, வியாழன்

கோட்டாட்சியர் விசாரணை. அறையில் அண்ணாச்சி, அவர் வக்கீல், புதிய இன்ஸ்பெக்டர், கடைசி வரிசையில் வடிவு. கோட்டாட்சியருக்குச் சளி. மேசையில் கல்லுக்குப் பக்கத்தில் நீலகிரித் தைலம்.

கையில் இரண்டு உறைகள் வைத்திருந்தேன். படியேறும்போது எந்த உறை எது என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அறைக்குள் நுழைந்ததும் வடிவு எழுந்து கும்பிட்டாள். ஒரு வரி குறைந்த அறிக்கை இருந்த உறையைக் கொடுத்தேன்.

“சுருக்கமாச் சொல்லுங்க புரொபசர். இது வானத்துலருந்து விழுந்ததா?”

“ஆமா சார்.”

“சந்தேகமே இல்லையா?”

“துளியும் இல்லை.”

“வர்றப்ப சூடு எவ்வளவு இருக்கும்?”

“மேல்தோல் பாறை உருகுற சூட்டுக்குப் போகும் சார். இந்தக் கறுப்பு ஓடு அப்படி உருகினதுதான்.”

இது பல மைல் உயரத்தில் நடப்பது. அதன் பிறகு காற்றில் வேகம் குறைந்து, தரையைத் தொடும்போது கல் கையில் எடுக்கும்படிதான் இருக்கும். கோட்டாட்சியர் அப்போது தும்மினார். தும்மல் முடியும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் அவர் வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

எப்போது விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பதில் நாக்கின் நுனியில் இருந்தது. திரும்பி வரும்போது பேருந்திலும் இருந்தது.

கடைசியாகக் கோட்டாட்சியர் கேட்டார்: “இனிமே இப்படி நடக்காம இருக்க நிபுணரா நீங்க என்ன சொல்றீங்க?”

எதிர்பாராத கேள்வி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லத்தான் வேண்டும்.

“கூரை பலமா இருக்கிறது நல்லது” என்றேன்.

எழுதிக்கொண்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

சீனிராஜ் வெளியே வந்துவிட்டார். ஊரில் தீபாவளிக்கு முன்பே வெடிச் சத்தம்.

அக்டோபர் 26, ஞாயிறு

சீனிராஜும் வடிவும் வந்தார்கள். ஒரு கிலோ மைசூர்பாகு. அவருடைய வலக்கை விரல்கள் இன்னும் முழுவதும் மடங்கவில்லை. காலில் விழப்போனவரைத் தடுத்தேன். தடுப்பதற்குள் விழுந்துவிட்டார்.

“ஒங்களாலதான் சார் உசுரோட இருக்கேன்.”

செண்பகம் மைசூர்பாகை வாங்கி அலமாரியில் வைத்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. எறும்பு வந்தது.

நவம்பர் 20, வியாழன்

வழக்கு முடிந்ததால் கல்லைப் பாதுகாப்பாக வைக்கும்படி எங்கள் அருங்காட்சியகத்திடமே ஒப்படைத்தார்கள். சிறு விழா. அண்ணாச்சி பேசினார். மேடையில் அவர் ‘அபூர்வமான’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பேச்சு என்பதால் நான் குறுக்கிடவில்லை. ஜிப்சத்தைப் பழைய இடத்துக்கு மாற்றி, நடுத்தட்டில் கல்லை வைத்தேன். தட்டுப் பலகையில் ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. கல் அதில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. கீழே புதிய பெயர்ச்சீட்டு, இவ்வாண்டுத் தேதியோடு.

லூர்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “வந்துட்டியா” என்றார். என்னிடம் அல்ல.

ஜனவரி 22, வியாழன்

ஆலைக்குப் போய்வந்தேன். பாதுகாப்புக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நான்காம் அறையைப் புதிதாகக் கட்டுகிறார்கள். தகரக் கூரை கிடையாது. கம்பி கட்டிக் கான்கிரீட் தளம். நிபுணர் பரிந்துரைப்படி என்று பலகையில் எழுதியிருக்கிறது.

சீனிராஜ் சாரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே பார்த்தபடி, “தகரம்னா தூக்கிட்டுப் போயிரும் சார். அன்னைக்கி அது பறந்ததாலதான் நாங்க நாலு பேரு கெடந்து பொழச்சோம். இது இங்கதான விழும்” என்றார்.

“கல் விழுந்தா தாங்கும்.”

“கல்லு விழுந்தா தாங்கும் சார்.”

“மிச்ச மருந்தெல்லாம் இப்ப கொட்டிர்றீங்கதானே?”

சிரித்தார். “அண்ணாச்சி மூடி வைன்னுதான் சொல்றாரு. பழியத்தான் கல்லு வாங்கிக்கிடுச்சே, இனி மருந்தப் பத்தி யாரு கேக்கப் போறான்னாரு. நானும் எந்த மொகத்த வச்சு அவர்கிட்டப் பேச?”

குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

பாதுகாப்புக் குழுக் கூட்டம். முந்திரி பக்கோடா. தளத்தின் கனம் பற்றி விரிவாகப் பேசினோம். நேரம் போதவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

பழைய முதல்வருக்கு வழியனுப்பு விழா. நாளை முதல் முதல்வர் பொறுப்பு எனக்கு. நாற்காலி சற்று உயரம். கால் தரையைத் தொட ஒரு மனைப்பலகை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மூன்றாம் அலமாரிச் சாவியை லூர்துவிடம் கொடுத்தேன். காலண்டரை எடுத்துவிட்டு ஆணியில் மாட்டினார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்ஸ்பெக்டர் மரகதவல்லியிடமிருந்து ஒரு தபால் அட்டை. அச்சிட்டது அல்ல, கையால் எழுதியது. முதல்வரானதற்கு வாழ்த்துகள் என்று மட்டும் இருந்தது. பதில் எழுத வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

நான்காம் அறைத் திறப்பு. தேங்காய் உடைத்தார்கள். உள்ளே நன்றாக எதிரொலிக்கிறது. குருவம்மாள் இடத்துக்கு வடிவை எடுத்திருக்கிறார்கள். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே அறை, போகவர வசதி.

ஏப்ரல் 18, சனி

தேர்வு வினாத்தாள் சரிபார்ப்பு. மாலையில் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன், ஆலை அலுவலகத்துக்கு. திருவிழா ஆர்டர் நிற்பதாகச் சொன்னார். நான்காம் அறை ஆட்கள் வேலை முடித்துத் தட்டுகளை மூடி வைத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வடிவு கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பின்னிரவு வரை கோடை மழை. செண்பகத்துக்குத் தூக்கம் வரவில்லை. “மழை பெய்யுது” என்று என்னை எழுப்பினாள். கேட்கிறது என்றேன்.

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் தபால் அட்டைக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் பாட வேளை முடிவதற்குள் முதல்வர் என்ற முறையில் மணியடிக்கச் சொன்னேன். பேருந்துகள் நான்கும் போயின.